மழை விடாத குன்னூரில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு என்ன விளையாடுவது?

திருப்பூரிலிருந்து வேலை மாற்றலில் குன்னூருக்கு வந்த ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் இரண்டாம் வகுப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை. பள்ளி விட்டு வந்ததும் இரண்டும் போனுக்கு அடித்துக்கொள்கின்றன. மகனுக்குக் கையெழுத்து கோணல், கடன் வாங்கிக் கழித்தல் ஏறவில்லை. மகள் பத்து நிமிடம் எழுதினால் கை வலிக்கிறது என்கிறாள். யாரோ ஒருவர் மூளை வளர்ச்சிக்கான செயல்பாட்டுப் பெட்டி என்று 3,000 ரூபாய்க்குக் காட்டியிருக்கிறார். வாங்கலாமா, இல்லை வீட்டிலேயே செய்ய இருபது முப்பது செயல்பாடுகள் சொல்ல முடியுமா என்பது கேள்வி.

பெட்டி வேண்டாம். இருபது முப்பதும் வேண்டாம். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரே விளையாட்டை நாற்பது நாள் ஆடத்தான் பிடிக்கும். நாளுக்கொன்று புதிதாகக் காட்ட வேண்டும் என்ற பதற்றம் நமக்குத்தான். கோத்தகிரிப் பக்கம் இரண்டே ஆசிரியர்கள் இருந்த பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவள் நான். அரசுப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்ததைப் பார்த்தேன். நான் ஓய்வு பெறும் சமயத்தில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தது. இரண்டிலும் நல்லது நிறைய உண்டு. ஆனால் அட்டையைக் கையில் எடுத்ததும் ஆசிரியர் முகம் 'இது பாடம்' என்று மாறிவிட்டால், எந்த அட்டையும் வேலை செய்யாது. வீட்டிலும் அப்படித்தான்.

முதலில் மகளின் கை வலி. அது பென்சில் பிரச்சினையே இல்லை, கைப் பிரச்சினை. மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளும் முழுதாகக் கெட்டிப்பட அவளுக்கு இன்னும் சில வருடம் ஆகும். உள்ளங்கையின் சின்னத் தசைகளுக்கும் போதிய வேலை கிடைத்திருக்காது. அந்தக் காலத்துப் பிள்ளைக்கு இந்த வேலையை வீடே கொடுத்தது. இப்போது பட்டாணி உரித்தே வருகிறது, மாவு அரைத்தே வருகிறது. ஆகவே அந்த வேலைகளைத் திருப்பிக் கொடுங்கள். மார்க்கெட்டில் பச்சைப் பட்டாணி வரும்போது உரிக்காததாக ஒரு கிலோ வாங்கி, நடுவில் கொட்டி, மூவரும் சுற்றி உட்காருங்கள். பீன்ஸ் நார் கிள்ளுவது, பூண்டு உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, ஆரஞ்சுத் தோலை ஒரே துண்டாக வருமாறு உரிக்கப் பார்ப்பது, எல்லாம் கைக்கு வேலைதான். இதிலெல்லாம் சிறந்தது ஈரத் துணி பிழிவது. இந்த மாதத்தில் குன்னூரில் எந்தத் துணியும் காயாது, ஆகவே பிழிவதற்குப் பஞ்சமில்லை. கைக்குட்டையை ஆளுக்கு ஒரு முனை பிடித்து எதிரெதிர் திசையில் முறுக்கட்டும். யார் பக்கம் அதிகத் தண்ணீர் சொட்டுகிறது என்பது போட்டி. தரை நனையும், நனையட்டும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகளிடம் நான் கவனித்த ஒன்று உண்டு. அவர்களில் பலருக்குப் பென்சில் பிடி சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும். காரணம் வெகுநாள் புரியவில்லை. ஒருநாள் வேலி ஓரமாக நான்கைந்து பேர் 'கொழுந்து எடுக்கிற' விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அம்மாக்களைப் பார்த்துப் பழகியது. இரண்டு இலை, ஒரு மொட்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, நடுவிரல் தாங்க, ஒரு சின்னத் திருகல். பென்சிலுக்கு நாம் கேட்கிற பிடியும் அதே மூன்று விரல் பிடிதான். உங்கள் வீட்டில் தேயிலை இல்லாவிட்டால் கற்பூர மரத்துக் காய் இருக்கும், இந்த மலையில் அது இல்லாத சாலை குறைவு. காய்ந்து விழுந்த காயைப் பொறுக்கி வந்து, கூர்மையான பக்கம் கீழே இருக்குமாறு மூன்று விரலால் சுழற்றினால் பம்பரம்போல் சுற்றும். யாருடையது அதிக நேரம் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். என் வகுப்பில் ஒரு வருடம் இந்தக் காய்க்குக் கள்ளச் சந்தையே நடந்தது. நல்ல காய் ஒன்றுக்கு இரண்டு பல்பம் விலை.

அடுத்தது ஜன்னல். திருப்பூரில் இல்லாத ஒரு பலகை உங்களுக்குக் குன்னூரில் இலவசமாகக் கிடைத்திருக்கிறது: காலையில் ஆவி படிந்த கண்ணாடி. அதில் விரலால் எழுதும்போது கை தோளிலிருந்து அசைகிறது. மணிக்கட்டு தானாகப் பின்னால் வளைந்து நிற்கிறது. படுக்கைவாட்டில் இருக்கும் நோட்டைவிட நிமிர்ந்து நிற்கும் பரப்பில் எழுதுவது சின்னக் கைக்கு நல்ல பயிற்சி. பெரிய 'ழ' ஒன்று, தலை உயரத்துக்கு. பிறகு அதன் சுழியில் ஒரு கண் வைத்தால் நத்தை. 'அ'வை யானையாக்கலாம், 'ஞ'வை என்னவாக்குவது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். தப்பாக எழுதினால் ஊதினால் போதும், மறைந்துவிடும். அழிரப்பரில் தாளைக் கிழித்துவிட்டு அழும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி. மகன் 3ஐயும் 6ஐயும் திருப்பிப் போடுகிறானா? ஏழு வயதுவரை அது சாதாரணம், அதற்காகத் திட்டாதீர்கள். கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கிறான் என்றால் மட்டும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது கணக்கு. இங்கே கொஞ்சம் நீட்டிப் பேசப் போகிறேன், ஏனென்றால் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்கிற பெயர்மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லி, 'இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று நானும் பல வருடம் சொல்லிக்கொடுத்தவள்தான். ஒருநாள் ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கிக் கேட்டாள்: "எப்போ திருப்பிக் குடுக்கணும் டீச்சர்?" பதில் இல்லை. அங்கே கடனே இல்லையே. நாலு பத்தில் ஒரு பத்தை உடைத்துச் சில்லறையாக்குகிறோம், அவ்வளவுதான். அன்றிலிருந்து கடன் என்ற சொல்லை விட்டேன். 'சில்லறை மாத்து' என்றேன். பாதி வகுப்புக்கு அந்த வாரமே புரிந்தது.

வீட்டில் இதற்கு ஒரு கடை போடுங்கள். சமையலறையில் இருக்கும் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, ஒரு பொட்டலம் வர்க்கி, இவைதான் சரக்கு. துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் பை கட்டித் தொங்கவிட்டால் தராசு. பத்து ரூபாய்த் தாளுக்குக் காகிதம் வெட்டிக்கொள்ளுங்கள், ஒரு ரூபாய்க்குப் புளியங்கொட்டை. மகன் கையில் நாலு தாளும் இரண்டு கொட்டையும் இருக்கும்போது 17 ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும். கடைக்காரி அவன் தங்கை. அவள் சில்லறை இல்லை என்று பிடிவாதம் பிடிக்கட்டும். அவன் ஒரு தாளை 'பேங்க்'கில், அதாவது உங்களிடம், கொடுத்துப் பத்துக் கொட்டை வாங்கித்தான் ஆக வேண்டும். இதை ஒரு வாரம் செய்த கை, நோட்டில் நாலை அடித்து மூன்றாக்கும்போது என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்யும். ஒரே எச்சரிக்கை: நடுவில் புகுந்து 'இப்போ எவ்வளவு மிச்சம் சொல்லு பார்க்கலாம்' என்று கேட்காதீர்கள். கடையில் வாத்தியாருக்கு வேலையில்லை. வேண்டுமானால் மோசமான வாடிக்கையாளராக வந்து, தப்பாகக் காசு கொடுத்துப் பாருங்கள். பிடித்துவிடுவார்கள், அதில் அவர்களுக்குப் பேரானந்தம்.

புளியங்கொட்டை சேர்ந்துவிட்டதா, பல்லாங்குழிக்கு வந்துவிடலாம். பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு வட்டம் போதும். குழிக்கு ஐந்து, மொத்தம் 70. ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும், பாட்டிக்குப் பாட்டி விதி மாறும். எங்கள் வீட்டு ஆட்டம் இது. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது. கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடர்வது. அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்து அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விடுவது. நடுவே எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்கு உடையவர் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நான்கு நாள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு குழியை அள்ளுவார்கள். ஐந்தாம் நாள்வாக்கில் ஒரு மாற்றம் வரும். கை குழிக்கு மேலே நின்றுவிடும், உதடு அசையும். 'இதை எடுத்தா அங்கே முடியும், அங்கே வெறுங்குழி, ஆகாது' என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். முன்கூட்டி யோசிப்பது, யோசித்ததை மனதில் நிறுத்திக்கொள்வது, கையை அடக்குவது, மூன்றும் அந்த ஒரு நொடியில் நடக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் பெட்டி எதுவும் இதைவிட அதிகமாக எதைச் செய்துவிடப் போகிறது? நான்கு கொட்டையை எண்ணாமலே 'பசு!' என்று கத்துவது இன்னொரு லாபம். சின்ன எண்ணிக்கையைக் கண்ணாலேயே அறிவதுதான் பிறகு கூட்டலுக்கு அடிப்படை. தங்கை தோற்று அழுதால் அவளுக்கு ஆரம்பத்திலேயே இரண்டு குழி கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள். அண்ணன் சண்டை போடுவான். எத்தனை கொட்டை கூடுதல் கொடுத்தால் ஆட்டம் சமமாகும் என்று அவனையே பேரம் பேசவிடுங்கள்.

பூத்தையல் ஒன்றும் சொல்ல வேண்டும், இந்த மலைக்கே உரியது. தோடர் பெண்கள் பூத்குளிப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பதை ஊட்டியில் பார்த்திருப்பீர்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் எந்தக் கோடும் வரையாமல், இழையை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். முழுக் கோலமும் எண்ணிக்கையாக மனசில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் ஒரு போர்வையைக் காட்டி, இது யாருடைய கலை என்று சொல்லுங்கள். பிறகு இழை பெரிதாகத் தெரியும் சாக்குத் துணியில் ஒரு துண்டு, முனை மழுங்கிய பெரிய ஊசி, சிவப்புக் கம்பளி நூல். மூன்று இழை மேலே, மூன்று இழை கீழே. அடுத்த வரிசையில் ஓர் இழை தள்ளித் தொடங்கினால் சாய்கோடு வரும். ஒரு விரற்கடை முடிக்கவே அரை மணி ஆகும், தோடர்போல வராது, வர வேண்டியதும் இல்லை. மூன்றாம் வாய்ப்பாடு மட்டும் கேட்காமலே வந்துவிடும். உங்கள் மகளுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். மகனுக்குப் பிடித்தாலும் ஆச்சரியமில்லை, என் வகுப்பில் மிக நேர்த்தியாகத் தைத்தவன் ஒரு பையன்தான்.

மழை விளையாட்டுக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். மழையையே விளையாட்டாக்கலாம். பக்கவாட்டு நேராக இருக்கும் ஒரு டப்பாவை மொட்டை மாடியில், மேலே மரமோ கூரையோ இல்லாத இடத்தில், வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மறுநாள் செய்தித்தாளில் குன்னூருக்குப் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடட்டும். இன்னொரு வேடிக்கை: குறுகிய டப்பா ஒன்றும் அகலமான டப்பா ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் தண்ணீர் உயரமாக நிற்கும் என்று முந்தின இரவே பந்தயம் கட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே உயரம்தான். அகலமான வாயில் அதிக மழை விழுகிறது, ஆனால் அது பரவவும் அதிக இடம் இருக்கிறது. பந்தயத்தில் அப்பாவும் தோற்பார். கூடலூரில் உங்களுக்குச் சொந்தமோ நட்போ இருந்தால் இன்னும் நல்லது: அங்கே ஆனி ஆடியில் கொட்டும், உங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டும். ஒரே மாவட்டத்தில் மழை ஏன் வெவ்வேறு மாதத்தில் வருகிறது என்ற கேள்வியை உங்கள் மகனே ஒருநாள் கேட்பான். மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றை மார்பில் வாங்குகிறது, கிழக்குப் பக்கம் வடகிழக்கை வாங்குகிறது என்று அப்போது சொல்லுங்கள். அதற்கு முன் சொல்லாதீர்கள்.

பைன் காய் இன்னொரு பொக்கிஷம். சிம்ஸ் பூங்காவுக்கோ ஊட்டிப் பக்கம் பைன் காட்டுக்கோ போகும்போது கீழே கிடப்பதில் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் அதன் செதில்கள் மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும். செத்த காய், உயிரில்லை, ஆனாலும் அசைகிறது. செதிலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட அதிகமாக ஈரம் குடித்து உப்புவதுதான் காரணம். ஒன்றைத் தண்ணீரில் போட்டு, இன்னொன்றை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, பள்ளிக்குப் போய் வந்து பார்க்கட்டும். ஒன்றை வாசலில் கட்டித் தொங்கவிட்டால் அதுவே வீட்டு வானிலை அறிக்கை.

மேட்டுப்பாளையத்துக்குப் போகிற நாளில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டை அங்கே வாங்கி, பிரிக்காமல் மேலே கொண்டுவாருங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் பலகை பார்த்து எண்ணிக்கொண்டே, ஒவ்வொரு வளைவிலும் பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கட்டும். மேலே வர வர அது உப்பும்; கூடவே காதும் அடைக்கும். அடுத்த முறை இறங்கும்போது, காலிப் பாட்டிலை மேலேயே இறுக மூடிக் கீழே கொண்டுபோனால் அது உள்ளே ஒடுங்கும். வீட்டில் கொண்டைக்கடலை ஏன் இவ்வளவு நேரம் வேகிறது என்பதும் இதே கதைதான்: காற்றின் அழுத்தம் குறைந்ததால் ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. (பாக்கெட்டை யார் பிரிப்பது என்று முன்பே பேசி வைத்துவிடுங்கள். இந்தச் சோதனையில் எனக்குத் தெரிந்த ஒரே ஆபத்து அதுதான்.)

ரயிலை விட்டுவிட்டால் குன்னூர்ப் பிள்ளைகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மையத்தில் பல் வைத்த இன்னொரு தண்டு ஓடும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். இரண்டு சீப்பை எடுத்துப் பல்லோடு பல் கோத்து இழுத்துப் பார்த்தால் வழுக்காதது ஏன் என்று விரலுக்கே தெரியும். அந்தப் பாதையின் மிகச் செங்குத்தான இடம் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். 60 சென்டிமீட்டர் நீளப் பலகை ஒன்றை எடுத்து ஒரு முனையை 5 சென்டிமீட்டர் தூக்கி வைத்தால் அதே சரிவு. 'இவ்வளவுதானா?' என்பான் மகன். பொம்மைக் காரை அதில் விட்டதும் பேச்சு மாறும். பிறகு புத்தகம் அடுக்கிப் பாலம், அட்டைக் குழாயில் குகை. மேட்டுப்பாளையம் முதல் ஊட்டிவரை 16 குகை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நீங்கள் சமைக்கப் போகலாம். 1899இல் குன்னூர்வரை வந்த ரயில் ஊட்டிக்குப் போய்ச் சேர 1908 ஆனது. உங்கள் வரவேற்பறையிலும் உடனே முடியாது, இரண்டு மூன்று நாள் கலைக்காமல் விடுங்கள்.

மொழிக்கு வருகிறேன். இங்கே தெருவில் தமிழ், படுகு, மலையாளம், கன்னடம் எல்லாம் கேட்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் படுகுப் பேச்சில் பத்துச் சொல் கற்றுவந்தால் தடுக்காதீர்கள், குழப்பமெல்லாம் வராது. எழுத்து பிழையாகும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கையில் இல்லை, காதில்தான் சிக்கல். பல், பால், கல், கால், எடு, ஏடு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பதைக் காலால் ஆடலாம். நீங்கள் சொல்லைச் சொல்லுங்கள். முதல் எழுத்து குறில் என்றால் ஒரு குட்டித் தாவல், நெடில் என்றால் ஒரு நீளத் தாண்டல். பிறகு அவர்கள் சொல்ல, நீங்கள் தாண்ட வேண்டும். பள்ளி, பல்லி, கிளி, கிழி என்று நாக்கு மடியும் சொற்களுக்கு வேறு விதி வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து ஒருவர் ஒரு படம் வரைந்து அதைச் சொல்லால் விவரிக்க, மற்றவர் பார்க்காமல் வரைவது. 'வீட்டுக்கு மேலே ஒரு மரம்' என்று அண்ணன் சொல்ல, தங்கை கூரைமேல் மரம் முளைத்திருப்பதாக வரைவாள். 'மேலே'க்கும் 'பின்னால்'க்கும் உள்ள வேறுபாட்டை அதைவிட நன்றாக எந்த இலக்கணப் பாடமும் சொல்லாது.

அடங்காத மாலை நேரத்துக்கு 'பற பற' ஆட்டம். விரல்களைத் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். காக்கா பற பற, மைனா பற பற என்றால் கையைத் தூக்கணும். காட்டெருமை பற பற என்றால் தூக்கியவர் அவுட். வேகம் கூடக் கூட, தூக்கத் துடிக்கும் கையை அடக்குவதுதான் ஆட்டமே. வகுப்பில் காதைக் கொடுக்காத பிள்ளைக்கு நான் அறிந்த நல்ல மருந்து. மின்சாரம் போனால் போன் டார்ச்சைச் சுவரில் அடித்து நிழல் பொம்மை. கை விளக்குக்குப் பக்கம் போனால் நிழல் ஏன் பெரிதாகிறது என்று அவர்களே சோதிப்பார்கள். போனுக்கும் அப்படியாவது ஒரு நல்ல வேலை கிடைக்கும். மொத்தமாக அதைப் பிடுங்கி வைக்கச் சொல்ல மாட்டேன், அது முதல் நாளே முறியும். கைக்கு வேறு வேலை கொடுத்த பிறகு நேரத்தைக் குறையுங்கள்.

வெளியே விடவேண்டாம் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். இந்த வயதுக்கு ஒரு நாளில் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பகல் வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வை வரும் வாய்ப்பையும் குறைக்கும். தூறலில் ஓடினால் சளி பிடிக்கும் என்ற பயம் எல்லாத் தாய்க்கும் உண்டு. சளியைத் தருவது கிருமி, தூறல் இல்லை. நனைந்த துணியை உடனே மாற்றினால் போதும். சரிவில் ஏறி இறங்குவதே உடம்புக்குச் சமநிலை கற்றுத்தரும், திருப்பூர்ச் சமதளத்தில் கிடைக்காதது. ஆனால் மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இருட்டும் முன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் வருவது இங்கே அன்றாடச் செய்தி, எருமை சாதுவாக நின்றாலும் பக்கத்தில் போகக் கூடாது. பெரியவர்கள் கொடுக்காத எந்தக் காட்டுப் பழத்தையும் வாயில் வைக்கக் கூடாது; உண்ணிச்செடிக் காயும், வேலியோரம் மணிபோலத் தலைகீழாய்த் தொங்கும் ஊமத்தை இனத்துப் பூவும் நஞ்சு. ஓடைக்குத் தனியாகப் போகக் கூடாது.

என் தோல்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை இலை பொறுக்க மொத்த வகுப்பையும் சோலை ஓரம் கூட்டிப் போனேன். பிள்ளைகள் பறந்தார்கள். சுருண்டுகொண்ட மரவட்டையை உள்ளங்கையில் வைத்து அது எப்போது அவிழும் என்று ஒரு கூட்டம் மூச்சை அடக்கிக் காத்திருந்தது. திரும்பி வந்ததும் நான் செய்தது என்ன? 'பத்து இலையின் பெயர் எழுதுங்கள்' என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை, போகலாமா என்று கேட்டபோது முன்வரிசைப் பையன் சொன்னான்: "எழுதணுமா டீச்சர்? அப்ப வேணாம்." அதன் பிறகு எழுதச் சொன்னதில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனே மரவட்டைக்கு எத்தனை கால் என்று எண்ணி, பாதியில் கணக்கு விட்டு, மறுபடி எண்ணி, ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தான். எண்ணிக்கை தப்பு. நான் திருத்தவில்லை.

அந்த 3,000 ரூபாய் கையில் இருந்தால் இரண்டு பேருக்கும் நல்ல ரெயின்கோட்டும் கம்பூட்ஸும் வாங்குங்கள். ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள், அடுத்த ஐப்பசிக்கும் ஆகும்.